ஜெசிந்தாவின் மேல்குரல்

சடசடவென்று அந்தச் சத்தம் மறுபடி வந்தபோது ஜெசிந்தா முதலில் தன் தொண்டையைத்தான் தொட்டுப் பார்த்தாள். அது பழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது. குக்கர் விசில் பிசிறடித்தாலும், தெருவில் யாராவது கமறினாலும் கை தானாகக் கழுத்துக்குப் போய்விடும். தையல் போட்ட இடம் மெல்லிய கோடாக விரலில் தட்டுப்பட்டது. வலி இல்லை, வீக்கம் இல்லை, எல்லாம் ஆறி ஒன்றரை வருஷமாகிறது. ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, பதிந்ததைத் திரும்ப ஓடவிட்டாள். ‘வாசல் திறந்து வையுங்கள்’ என்று அவள் ஆரம்பிப்பதற்கு முன்னால், வெறும் மூச்சு மட்டும் கேட்கிற இடத்திலேயே, சூடான எண்ணெயில் தண்ணீர்ச் சொட்டு விழுந்தாற்போல அது இருந்தது. வாயைத் திறக்கும் முன்பே வருகிற சத்தம் தொண்டையிலிருந்து வந்திருக்க முடியாது. அப்படியானால் லேப்டாப்பில்தான் கோளாறு. அவளுக்கு அப்படியொரு நிம்மதி. கோளாறைக் கண்டுபிடித்து இவ்வளவு சந்தோஷப்படுகிற பொம்பளை தூத்துக்குடியிலேயே தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டாள். பதிவை மறுபடி தொடங்கியிருந்தது மறந்துபோயிருந்தது; தன் சிரிப்பும் பதிவாகிறது என்பதைத் திரையில் ஓடிய பச்சைக் கோடு நடுங்கிய பிறகுதான் கவனித்தாள். நிறுத்தினாள். படுக்கையறை புழுங்கியது. ஃபேன் ஓடினால் மைக் அதையும் சேர்த்து விழுங்கிவிடும் என்று நிறுத்திவைத்திருந்தாள். ஜன்னலுக்குக் கனத்த போர்வை ஒன்றைக் கட்டியிருந்தாள். புடவை பீரோவின் இரண்டு கதவுகளையும் திறந்து, தொங்குகிற புடவைகளுக்கு நடுவில் மைக்கை நிறுத்தியிருந்தாள். சுற்றித் துணி இருந்தால் குரல் சுவரில் மோதித் திரும்பாது என்று யூடியூபில் ஒரு பையன் சொன்னான். கல்யாணப் பட்டு, அம்மா எடுத்துக்கொடுத்த வெங்கடகிரி, தபால் ஆபீஸுக்குக் கட்டுகிற பூனம் எல்லாம் தன் வாய்க்கு நேராக வந்து நின்று பாட்டுக் கேட்பதைப் போல இருந்தது. அந்துருண்டை வாசனையில் மூச்சை இழுத்துப் பாட வேண்டியிருந்தது. போஸ்ட்மாஸ்டரிடம் வயிற்றுவலி என்று சொல்லி இன்றைக்கு லீவு போட்டிருந்தாள். பாட்டுக்காக லீவு என்று சொன்னால் யார் ஒத்துக்கொள்வார்கள்?

சடசடவுக்கு மருந்து அந்த யூடியூப் பையனிடமே இருந்தது. குரலை லேப்டாப் தண்ணீர் மாதிரி மொண்டு மொண்டுதான் எடுக்கும், சின்ன டம்ளரால் மொண்டால் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் சிந்தும், சிந்துவதுதான் அந்தச் சத்தம், டம்ளரைப் பெரிதாக்குங்கள் என்றான். கை வைத்து மொண்டு காட்டினான். நல்ல பிள்ளை. மகன் ரெக்ஸிடம் கேட்டால் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கம்மா என்பதோடு நிறுத்திக்கொள்வான். இந்தப் பழைய லேப்டாப்பையும், மைக்கை அதோடு இணைக்கிற சின்னச் சிவப்புப் பெட்டியையும் கொடுத்துவிட்டுச் சென்னைக்குப் போனவன் அவன். யூடியூப் பையன் காட்டிய இடத்தில் அவள் எண்ணைப் பெரிதாக்கினாள். சடசட போய்விட்டது. ஆனால் இப்போது அவள் பாடுவது அவள் காதுக்கே சற்றுத் தாமதமாக வந்தது. தன் பின்னாலேயே தான் நடந்து வருவதைப் போல, நின்றால் அதுவும் ஒரு கணம் கழித்து நின்றது. தைராய்டு ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்தபோதும் இப்படித்தான் இருந்தது. கணவர் பெலிக்ஸ் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஏதோ கேட்டார், அவள் பதில் சொன்னாள், சொன்ன பதில் வேறு யாரோ சொன்னதுபோல எங்கிருந்தோ கரகரவென்று வந்து சேர்ந்தது. நாலைந்து நாளில் சரியாகிவிடும் என்றார் டாக்டர். பேச்சுக்குச் சரியாயிற்று. கரகரப்பு ஒரு மாதிரி படிந்து, தணிந்து, கனமான ஒரு குரலாக நின்றுவிட்டது. உயரத்துக்குப் போகிற நரம்பில்தான் லேசாக அடிபட்டிருக்கிறது, நீங்க பாடகி இல்லையே என்றார் டாக்டர். இல்லை என்று தலையாட்டினாள். உண்மைதானே, கோயில் பாடகர் குழுவில் மேல்குரல் பாடுகிறவளைப் பாடகி என்றா சொல்வார்கள்? தபால் கவுண்டரில் ஒரு வருஷத்துக்கு ஆள் மாற்றி ஆள் ஜலதோஷமா மேடம் என்று கேட்டார்கள். பென்ஷன் வாங்க வருகிற பெரியவர் ஒருவர் பனங்கற்கண்டுப் பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார். ஆமாங்கய்யா ஜலதோஷம்தான் என்று வாங்கிக்கொண்டாள். ஹெட்போனில் ஒரு பக்கத்தைக் காதிலிருந்து தள்ளிவிட்டுப் பார்த்தாள். அந்தக் காதில் சொந்தக் குரல் நேராகக் கேட்டது, தாமதம் தொந்தரவு செய்யவில்லை. அட, இவ்வளவுதானா என்றிருந்தது.

அடுத்து ஒரு ரீங்காரம். மதியத்தில் வண்டு சுற்றுவதைப் போல, பாட்டுக்கு அடியில் ம்ம்ம் என்று. வயரை ஆட்டிப் பார்த்தாள், பெட்டியைத் தட்டிப் பார்த்தாள், பெலிக்ஸ் ஃப்ரிட்ஜைத் தட்டுகிற மாதிரியே, உள்ளங்கையால், பக்கவாட்டில். அவர் ரிப்பேர் கடைக்கு ஒரு ஃப்ரிட்ஜ் வந்தால் முதலில் அதன் மேல் காதை வைத்துக் கேட்பார். சத்தம் போட்டால் பிழைக்கும், சத்தமே இல்லன்னாதான் பயம் என்பார். லேப்டாப்பின் சார்ஜர் வயரை உருவினாள். ரீங்காரம் வெட்டினாற்போல நின்றது. எவ்வளவு அழகாக நிற்கிறது! மனிதர்களுக்கும் இப்படி ஒரு வயரை உருவினால் நிற்கிற மாதிரி இருந்தால் என்ன. பேட்டரி தாங்குகிறவரை பாட வேண்டியதுதான். நேற்றுச் சாயங்காலம் இதே லேப்டாப் யாரையும் கேட்காமல் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ள ஆரம்பித்து, அணைத்துவிடாதீர்கள் என்று மிரட்டிக்கொண்டு ஒரு வட்டத்தைச் சுற்றவிட்டது. தோசை சுட்டு முடிக்கிறவரை சுற்றியது. காலையில் திறந்தால் எல்லாம் புது முகம். பாட்டுப் பதிகிற மென்பொருள் என்னென்னவோ கேள்வி கேட்டது, சிவப்புப் பெட்டியைப் பற்றி ஏதோ கேட்டது, அவள் எல்லாவற்றுக்கும் ஓகே, ஓகே என்று சொல்லி உள்ளே வந்தாள். கவுண்டரில் அவசரத்தில் நிற்கிறவர்கள் படிக்காமலே கையெழுத்துப் போடுவதைப் பார்த்து எத்தனை தடவை சலித்திருப்பாள்.

இனி பாட வேண்டியதுதான் பாக்கி. சிநேகிதி பிலோமினா மஸ்கட்டிலிருந்து அனுப்பியிருந்த கீழ்க்குரலை ஓடவிட்டாள். பிலோ ஃபோனிலேயே பாடிப் பதிந்து அனுப்பியது. அதன் மேல் ஜெசிந்தா தன் மேல்குரலைப் பதிந்து, இரண்டையும் கலந்து ஒரே பாட்டாக்கித் தர வேண்டும். ஜனவரியில் பிலோவின் மகளுக்குக் கல்யாணம், இங்கேயே, இதே கோயிலில். மோதிரம் மாற்றிக்கொண்டதும் பாடுகிற பாட்டு. வரிகள் பிலோ எழுதியது, திருச்செந்தூர் பஸ்ஸில் டிக்கெட்டுக்குப் பின்னால் எழுதினாள். மெட்டு ஜெசிந்தா போட்டது. அதற்கப்புறம் பங்குக் கோயிலில் யார் கல்யாணம் என்றாலும் மேலே பாடகர் குழு நிற்கிற கொயர் மாடத்தில் இரண்டு பேரும் நின்று பாடுவார்கள். நெட்டையாக இடதுபக்கம் பிலோ, குட்டையாக இவள். ஆரம்பிக்கிற நேரம் வந்தால் பிலோ இவள் முழங்கையைக் கிள்ளுவாள். இவள் அந்த வலியோடு சேர்த்துத்தான் முதல் சொல்லை எடுப்பாள். ‘வாசல் திறந்து வையுங்கள், வருகிறார் இருவர்.’ அந்த ‘இருவர்’ என்கிற இடத்தில் மேல்குரல் ஏறிக்கொண்டே போய் உச்சியில் நிற்கும். கீழே மாலையோடு நிற்கிற மாப்பிள்ளை பொண்ணுகூட நிமிர்ந்து பார்க்கும். என் மக கல்யாணத்துல நான் பாடுனா அழுதுருவேன், அதனால முன்னாடியே பாடிப் பதிஞ்சு வச்சிருவோம், உன்கிட்டதான் சாமான்லாம் இருக்கே என்று பிலோ மெசேஜ் போட்டாள். சரி என்று இவள் டைப் பண்ணினாள். ஒன்றரை வருஷமாக எல்லாவற்றையும் டைப்தான் பண்ணுகிறாள். சின்ன ஆபரேஷன், சரியாயிட்டு என்று டைப் பண்ணினாள். பிலோ கூப்பிட்டால் எடுக்காமல் விட்டுவிட்டு, கவுண்டர்ல கூட்டம் என்று டைப் பண்ணினாள். டவர் இல்லை, சார்ஜ் இல்லை, பூசைக்கு வந்திருக்கிறேன், பிறகு கூப்பிடுகிறேன். பிறகு என்பது வரவேயில்லை. குரல் மாறிவிட்டது என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதினால் பிலோ உடனே கூப்பிடுவாள், கேட்பாள், அந்தக் கரகரப்பைக் கேட்டு அந்தப் பக்கம் ஒரு நொடி சும்மா இருப்பாள். அந்த ஒரு நொடியைத்தான் ஜெசிந்தாவால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஹெட்போனில் பிலோ பாடினாள். ஜெசிந்தாவுக்குத் திடுக்கென்றது. நேற்றுவரை ஃபோனில் கேட்டபோது நன்றாகத்தானே இருந்தது, இன்றைக்கு என்ன இவ்வளவு சோர்ந்து பாடுகிறாள்? குரல் அடியில் இழுக்கிறது, சொல்லுக்குச் சொல் பாரம் தூக்குகிறவளைப் போல நிற்கிறாள். ஃபோன் ஸ்பீக்கர் பொய் சொல்லும், ஹெட்போன்தான் உண்மையைக் காட்டும் என்று அந்தப் பையன் சொல்லியிருக்கிறான். அப்படியானால் இதுதான் உண்மையா? பிலோவுக்கு உடம்புக்கு ஏதாவது? அவளும் ஏதாவது டைப் பண்ணி மறைக்கிறாளா? சுகர் இருக்கிறது என்று எப்போதோ சொன்னாள். கல்யாண வேலை, அந்த ஊர் வெயில், துணைக்கு ஒரு ஆள் கிடையாது. இரண்டு பேரும் ஒருத்திக்கொருத்தி நன்றாக இருப்பதாக டைப் பண்ணிக்கொண்டிருக்கிறோமோ? சரி, முதலில் பாடி அனுப்புவோம், அது அவளைத் தேற்றும். பீரோவைப் பார்த்து நின்றாள். வீட்டில் ஃபோனை வைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து நாளாகப் பாடிப் பார்த்ததில் ‘இருவர்’ ஒரு தடவைகூட எட்டியதில்லை. ஏறுகிற மாதிரி ஏறி, கடைசிப் படியில் கால் இல்லாமல் போய்க் குரல் வெறும் காற்றாகிவிடும். இன்றைக்கும் அதே பயத்தோடுதான் ஏறினாள். வருகிறார். இரு. வர். நின்றது. உச்சியில், ஆடாமல், நின்றது. அவள் பாட்டை நிறுத்தவில்லை, நிறுத்தினால் கலைந்துவிடும் என்று அப்படியே அடுத்த வரிக்குப் போனாள். கண்ணில் வியர்வை இறங்கியது, துடைக்கவில்லை. இரண்டாவது சரணத்திலும் ஏறினாள், அங்கேயும் நின்றது. கொஞ்சம் தடித்த, தேன் நிறத்துக் குரல்தான், பழையது இல்லை, இருந்தாலும் நின்றது. கடைசி வரியில் தெருவில் முருங்கைக்காய் வண்டிக்காரர் வந்து, அண்டாவுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரியான தன் கட்டைக் குரலில் முருங்கக்காய் என்று ஒரு இழுப்பு இழுத்தார். போர்வையைத் தாண்டி அதுவும் பதிந்தது. பரவாயில்லை, பிறகு வெட்டிக்கொள்ளலாம். அவருக்கும் சேர்த்துக் கும்பிடு போடலாம் போல இருந்தது. காலையில் குடித்த இஞ்சித் தண்ணீரா, இன்றைக்கு ஆபீஸ் இல்லாததா, அல்லது நரம்பு தானாகவே வளர்ந்து இத்தனை நாள் கழித்துச் சேர்ந்துகொண்டதா? டாக்டர் அப்படியும் நடக்கலாம் என்று சொன்னாரே, சொன்னாரா? சொன்னதாகத்தான் ஞாபகம்.

இரண்டு குரலையும் கலப்பதில் ஒரு மணி நேரம் போயிற்று. அது அவளுக்குப் பிடித்த வேலை. பிலோவைக் கொஞ்சம் இடதுபக்கம் தள்ளினாள், கொயர் மாடத்தில் நிற்கிற மாதிரியே. தன்னைக் கொஞ்சம் வலதுபக்கம் வைத்தாள். கோயில் முழக்கம் ஒரு கரண்டி சேர்த்தாள், அதிகமாகப் போயிற்று, எடுத்துவிட்டுப் பாதி போட்டாள். உப்பு பார்க்கிற மாதிரிதான் இது, நாக்குக்குப் பதில் காது. முடித்து, ஒரே பாட்டாக மாற்றி, ஃபோனுக்கு அனுப்பிவிட்டு, அரிசி களைந்து உலை வைத்தாள். ஃபேன் காற்று பட்ட முதுகு சில்லென்றது. அடுப்படி மேடையில் ஃபோனைச் சாய்த்து வைத்துப் பாட்டைப் போட்டாள். பிலோ ஆரம்பித்தாள், தெளிவாக, தெம்பாக. அவள் மேல் இன்னொரு குரல் வந்து சேர்ந்தது. ஜெசிந்தாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. அது அவளுடைய பழைய குரல். கத்திபடாத குரல். மெலிந்து, வெளிச்சமாக, ஈர்க்குச்சி மாதிரி நேராக ‘இருவர்’ என்று ஏறி உச்சியில் போய் நின்றது. அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மறுபடி போட்டாள். மறுபடி. அம்மா வேலை பார்த்த உப்பளத்து மேட்டில் சின்னப் பிள்ளையாய் நின்று கத்திப் பாடியதும், பெலிக்ஸ் முதன்முதலாகக் கொயர் மாடத்தை அண்ணாந்து பார்த்ததும், எல்லாக் கல்யாணமும் ஒன்றாகச் சேர்ந்து அந்தக் குரலுக்குள் நடந்துகொண்டிருந்தன. என் குரல் வந்துட்டு, ஆண்டவரே, வந்துட்டு என்று வாய்விட்டுச் சொன்னாள். சொன்ன குரல் கரகரவென்று அடியில் கிடந்தது. அது உறைக்கவில்லை. மூன்றாவது தடவை பாட்டு முடிகிற இடத்தில்தான், கடைசி வரிக்குப் பின்னால், கீச்சென்று ஒரு பொடியன் முருங்கக்காய் என்று கூவுவது கேட்டது.

பொடியன் யார்? வண்டியில் பொடியன் யாரும் வருவதில்லையே. ஜெசிந்தா அந்த இடத்தை மட்டும் திரும்பப் போட்டுக் கேட்டாள். அதே இழுப்பு, அதே முடிப்பு. அண்டாக் குரல் பையன் குரலாகியிருந்தது. அவருக்கு யாரும் தொண்டையில் ஆபரேஷன் பண்ணவில்லை. நரம்பு எதுவும் திடீரென்று வளரவில்லை. மெல்ல எழுந்து லேப்டாப்புக்குப் போனாள். எங்கே பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பையன் அதற்கென்றே ஒரு வீடியோ போட்டிருந்தான், சிரித்துக்கொண்டே பார்த்திருக்கிறாள். குரலை லேப்டாப் ஒரு வினாடிக்கு இத்தனை துண்டு என்று நறுக்கித்தான் வைத்துக்கொள்ளும். நறுக்குகிற பெட்டியும், அடுக்குகிற மென்பொருளும் ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும். மென்பொருள் நாற்பத்தெட்டாயிரம் என்றது. சிவப்புப் பெட்டி நாற்பத்தி நான்காயிரத்துச் சொச்சத்தில் நின்றது. காலையில் கேட்ட கேள்விகளில் எதற்கோ ஓகே சொன்ன வினை. பழைய டேப் ரிக்கார்டரில் மெதுவாகச் சுற்றும்போது பாடிப் பதிந்துவிட்டு, பிறகு சரியான வேகத்தில் ஓடவிட்டால் எல்லாருக்கும் குரல் ஏறிவிடும் இல்லையா, அதேதான். காலையிலிருந்து பிலோவின் பாட்டு மெதுவாகவும் தணிந்தும் ஓடியிருக்கிறது, அரைக் கட்டைக்கு மேலே, ஒரு கட்டைக்கு உள்ளே. அந்தத் தணிந்த சுருதியில்தான் இவளுக்கு ‘இருவர்’ எட்டியிருக்கிறது. ஃபோனில் போட்டதும் பிலோ தன் இடத்துக்குத் திரும்பினாள், கூடவே இவளையும் கையைப் பிடித்து மேலே தூக்கிக்கொண்டு போனாள். ஜெசிந்தா பெட்டியின் எண்ணைச் சரிசெய்தாள். ஹெட்போனில் பிலோவைத் தனியாக ஓடவிட்டாள். பளிச்சென்ற குரல், சொற்களுக்கு நடுவில் சிரிப்பு ஒளிந்திருக்கிற மாதிரி. சோர்வும் இல்லை, நோவும் இல்லை. பிலோ நல்லா இருக்கா. அந்த நல்ல செய்தி வந்த இடத்திலேயே மற்றச் செய்தியும் நின்றது. ஒரு தடவை பாடிப் பார்த்தாள். வருகிறார். இரு. அதற்கு மேலே வெறும் காற்று. இந்தத் தடவை டம்ளரும் இல்லை, வயரும் இல்லை.

சோறு வெந்துகொண்டிருந்தது. அழுகை வரும் என்று நினைத்துக் காத்திருந்தாள், பசிதான் வந்தது. சுண்டல் டப்பாவைத் திறந்து வாயில் போட்டுக்கொண்டு யோசித்தாள். பாட்டு ஃபோனில் இருக்கிறது. நன்றாக இருக்கிறது. முருங்கைக்காயை மட்டும் வெட்டிவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. பிலோ கேட்பாள், அழுவாள், அதே குரல்டி என்று டைப் பண்ணுவாள். கல்யாணத்தன்றைக்குக் கோயில் ஸ்பீக்கரில் போடுவார்கள், மாப்பிள்ளை நிமிர்ந்து பார்ப்பான். இது திருட்டா? குரல் அவளுடையதுதானே, வேறு யாருடையதையும் எடுத்து ஒட்டவில்லையே. பாடியது அவள், தூக்கிவிட்டது மெஷின். செருப்பில் குதிகால் வைப்பதில்லையா, தலைக்குச் சாயம் அடிப்பதில்லையா. சரிதான். ஆனால் அன்றைக்குப் பிலோ எதிரில் வந்து நிற்பாள், கட்டிப்பிடிப்பாள், அப்போது வாயைத் திறந்து பேச வேண்டியிருக்கும். அதற்கும் ஜலதோஷம் என்று சொல்லலாம். அதற்குப் பிறகு? நினைப்பு அங்கேயே போய்ப் போய்ச் சிக்கியது. அனுப்பு என்கிற பொத்தானுக்கு மேலே விரல் இருந்தது. கீழே பைக் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

பெலிக்ஸ் கையில் முட்டைப் பொட்டலத்தோடு ஏறி வந்தார். “மீன் ஒண்ணும் நல்லா இல்ல ஜெசி, முட்டதான். வயித்துவலி எப்படி இருக்கு?” என்று கண்ணைச் சிமிட்டினார். லீவு போட்டது அவருக்குத் தெரியும்.

“இதக் கேளுங்க முதல்ல” என்று அவள் பாட்டைப் போட்டாள்.

அவர் முகம் கழுவாமல் அப்படியே நின்று கேட்டார். ‘இருவர்’ வந்ததும் தலையை ஆட்டினார். முடிந்ததும், “நல்லாருக்கே. இது எந்தக் கல்யாணத்துல பாடுனது? எங்க இருந்து எடுத்த?” என்றார்.

“இன்னைக்குக் காலைல பாடுனது.”

“விளையாடுதியா? இது ஆபரேஷனுக்கு முன்ன உள்ள குரல்லா.”

ஜெசிந்தா நடந்ததைச் சொன்னாள். எண், பெட்டி, முருங்கைக்காய் எல்லாவற்றையும் சொன்னாள். அவருக்குப் பாதி புரிந்தது. சிரிப்பதா வேண்டாமா என்று அவள் முகத்தைப் பார்த்தார். “அப்ப நீ நெசமாப் பாடுனது எங்க?” என்று கேட்டார். அவள் பெட்டியின் எண்ணைப் பழையபடி இறக்கி, காலையில் பாடியதைத் தனியாக ஓடவிட்டு, ஹெட்போனை அவர் தலையில் மாட்டினாள். அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, ஃப்ரிட்ஜுக்குக் கேட்கிற மாதிரியே தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டார். முடிந்தது. எந்தப் பொத்தான் என்று விரலால் கேட்டுவிட்டு, தானே அமுக்கி முதலிலிருந்து மறுபடி கேட்டார். அவர் கேட்டு முடிக்கிறவரை ஜெசிந்தா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முட்டைப் பொட்டலம் இன்னும் அவர் மடியில் இருந்தது. இரண்டாவது தடவை முடியும் முன்பே அவள் ஃபோனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். யோசித்தால் மாட்டேன் என்று தெரிந்ததால் யோசிக்காமல் கூப்பிட்டாள்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள் பிலோ. “ஹலோ! ஜெசி! அதிசயமா இருக்கே, நீயா கூப்புடுத?”

“ஆமா. நான்தான்.”

“ஹலோ? யாரு பேசுதீய? ஜெசி இல்லியா?”

“ஜெசிதான் பிலோ.”

அந்த ஒரு நொடி வந்தது. ஒன்றரை வருஷமாகப் பயந்த நொடி. பால்கனிக் கம்பியில் காய்ந்த துண்டு ஆடியது, எதிர்வீட்டு மோட்டார் ஓடியது, நொடி போய்விட்டது.

“என்னட்டி குரல் இப்படி இருக்கு? காய்ச்சலா?”

“இல்ல. இனிமே இதுதான் குரல். அந்த ஆபரேஷன்ல ஒரு நரம்புல பட்டுட்டு. பேச்சு இப்படி ஆயிட்டு. மேல போவ முடியல.”

“ஒன்றரை வருஷமா?”

“ம்.”

“ஒன்றரை வருஷமா எனக்கு டைப் அடிச்சுக்கிட்டு இருந்திருக்க. கவுண்டர்ல கூட்டம். டவர் இல்ல. உன் கவுண்டர்ல தீய வைக்க!” பிலோ கத்தினாள், நடுவில் குரல் உடைந்து மூக்கை உறிஞ்சினாள், மறுபடி கத்தினாள். நான் என்ன தப்பு பண்ணினேன்னு ராத்திரி பூரா யோசிப்பேன் தெரியுமா, கல்யாணத்துக்குக்கூட வருவியோ மாட்டியோன்னு நெனச்சேன் என்றாள். ஜெசிந்தா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நின்றாள். திட்டு இவ்வளவு சுகமாக இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. வெயில் முதுகில் பட்டது. பிறகு பிலோவே பேச்சை மாற்றினாள்.

“அப்ப மேல்குரலு?”

“எனக்கு எட்டாது பிலோ. நீ அனுப்புனதுக்கு மேல என்னால பாட முடியல. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.”

“அப்படின்னா…” பிலோ இழுத்தாள். கடையில் மிட்டாய் கேட்கிற பிள்ளையின் தயக்கம் அந்தக் குரலில் இருந்தது. “அப்படின்னா நான் எடுத்துக்கிடட்டுமா?”

“எத?”

“மேல்குரல. ஒரு கட்ட இறக்கிக்கிடுவோம், எனக்கு எட்டும். நான் பாடிப் பாத்திருக்கேன்.”

“எப்ப?”

“எப்பவுந்தான். குளிக்கும்போது, துணி மடிக்கும்போது. எத்தன கல்யாணம்டி, நீ மேல போயி நிக்கும்போதெல்லாம் நான் கீழ தூணு மாதிரி நிப்பேன். மாப்பிள்ள பொண்ணு எல்லாம் உன்னத்தான் நிமிந்து பாக்கும். எனக்கு மட்டும் ஆச இருக்காதா?”

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. தடுக்க முடியவில்லை. கனத்த, கரகரத்த, புதுச் சிரிப்பு; இப்படியொரு சிரிப்பு தனக்கு இருப்பதையே அவள் இப்போதுதான் கேட்டாள். அந்தப் பக்கம் பிலோவும் சிரித்தாள். “சொல்லியிருக்கக் கூடாதா?” என்று கேட்டாள் ஜெசிந்தா. “நீ சொன்னியா?” என்றாள் பிலோ. பெலிக்ஸ் ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே வெளியே வந்து, சோறு கருகுது என்று சைகை காட்டினார். அணைச்சிருங்க என்று இவளும் சைகை காட்டினாள். ஒரு கட்டை இறக்கினால் தனக்கும் எட்டும் என்பது காலையிலேயே தெரிந்துபோன விஷயம்; ஆனால் இத்தனை வருஷம் தூணாக நின்றவளிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை.

“சரி, எடுத்துக்க. ஆனா உன் பாட்டு எனக்குப் பாடத் தெரியாதே. கீழ நீ என்ன பாடுதன்னு நான் ஒருநாளும் கவனிச்சதே இல்ல. நீ அனுப்புனத இத்தன நாளு ஓடவிட்டும் என் உச்சியத்தான் தேடிக்கிட்டு இருந்தேன்.”

“கவனிச்சிருக்க மாட்ட. அந்தச் சமயம் நீதான் உச்சியில நிப்பியே” என்றாள் பிலோ. தொண்டையைச் செருமிக்கொண்டாள். “ஒரு கட்ட இறக்கியே பாடுதேன், கவனமாக் கேளு.”

பாடினாள். வாசல் திறந்து வையுங்கள், வருகிறார். மெட்டுப் போட்டவள் ஜெசிந்தாதான், ஆனால் இந்த வழி அவள் போட்டதில்லை. பிலோ யாரிடமும் சொல்லாமல் தானாகவே கண்டுபிடித்து வைத்திருந்தது. மேலே ஏறுகிற இடத்தில் இது ஏறவில்லை. ‘இரு’ என்று ஒரு படி இறங்கி, அங்கே சற்று நின்று, ‘வர்’ என்று பக்கவாட்டில் வளைந்து போய் மெதுவாக அமர்ந்தது. ஜெசிந்தா கூடவே வாய்க்குள் முனகிப் பார்த்தாள். தேடாமலே குரல் அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. நெஞ்செலும்பு அதிர்ந்தது, கம்பியைப் பிடித்திருந்த கைவரை அதிர்ந்தது. எத்தனை வருஷம் இந்தப் பாட்டின் உச்சியில் நின்றிருக்கிறாள், அடியில் இப்படி ஒரு வளைவு இருந்ததா?

“கேக்குதா? வந்துட்டா?” என்றாள் பிலோ.

“கேக்குது. இன்னொரு தடவ பாடு” என்றாள் ஜெசிந்தா.